கமாவு தோட்டத்துக் காபி: ஆம்பூர் அபிப்பிராயம்

ஆம்பூர்,
11-2-1978, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஆபேலுக்கு, உன் அக்காள் புருஷன் சத்தியநாதன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான், உன் அக்காள் ஜெயபுஷ்பம், அவள் வளர்க்கும் கோழிகள் ஆக எல்லோரும் சுகம். அங்கே கென்யா தேசத்து மலைக்குளிரில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாலாற்றில் தண்ணீர் இல்லை, சபைக் கமிட்டியில் சமாதானம் இல்லை, இரண்டும் உனக்குத் தெரிந்த சங்கதிதான். அதெல்லாம் கிடக்கட்டும். இது வெற்றிக் கடிதம். உட்கார்ந்து படி. உன் தோஸ்த் கமாவுவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற பாஷையில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே படி. தன் தோட்டத்தில் விளைந்த காபியை இந்தியாவில் குடித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று அவர் ஆசையாகக் கேட்பதாகவும், மணம் எப்படி, ருசி எப்படி, டிகாஷன் எப்படி இறங்கியது என்று ஒன்று விடாமல் எழுதும்படியும் நீ கேட்டிருந்தாய். எழுதுகிறேன். நீ கேட்டது ஒரு கைப்பிடி, நான் அளக்கப்போவது ஒரு மரக்கால்.

முதலில் டின்கள் வந்து சேர்ந்த கதை. நீ இப்போது இருக்கும் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் பொன்மலர் லீவில் வந்தவள், ராணிப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் காட்பாடியில் இறங்கி நேராக இங்கே வந்து இரண்டு டின்னையும் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். அப்படிப்பட்ட நேர்மை. கப்பலில் ஒரு நாள் காற்று பலமாக அடித்து, அவள் படுக்கைக்கு மேலே இருந்த இரண்டு டின்னும் சாய்ந்து மூடி கழன்று உருண்டு ஓடிவிட்டனவாம். கண்ணைத் திறந்தால் வாந்தி வருகிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டே தரையெல்லாம் தடவி, மூடிகளைக் கண்டுபிடித்து, ஒரு சிட்டிகை பொடி சிந்தாமல் இறுக்கி மூடிக் கொண்டுவந்திருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. ஒரே அளவு டின், ஒரே மாதிரி பளபளப்பு. ஒரு மூடியில் சிவப்புப் பெயிண்டில் 'காபி', இன்னொரு மூடியில் 'வாட்டில்' என்று நீ முத்து முத்தாக எழுதியிருந்ததைப் பார்த்து, “என் தம்பி கையெழுத்தைப் பாருங்க, வாத்தியார்னா வாத்தியார்தான்” என்று உன் அக்காள் கண்கலங்கினாள்.

வாட்டில் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஊரில் பிறந்தவன் நீ. கமாவுவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்: அது உங்கள் ஆப்பிரிக்கப் பக்கம் விளைகிற ஒரு மரத்தின் பட்டைச் சத்து, அந்தத் துவர்ப்பில் ஊறினால்தான் பச்சைத்தோல் அழுகாமல் இறுகிப் பதப்படும். எங்கள் டேனரியில் நாங்கள் கண்டதெல்லாம் பட்டையும், கல்லு மாதிரிக் கட்டியாக மூட்டையில் வருகிற சாறும்தான். பொடியாக வருகிற புது தினுசு வாட்டிலை ஸ்டோர் கீப்பராகிய நானும் பார்த்ததில்லை, தோலைப் போட்டுச் சுழற்றுகிற மர டிரம்முக்கு மேஸ்திரி தணிகைவேலும் பார்த்ததில்லை. அதனால்தான் மாதிரிக்கு ஒரு டின் உன்னைக் கேட்டேன். கேட்ட காரணமும் உனக்குத் தெரியும். அரைப்பதத் தோலை அப்படியே கப்பலேற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, கைப்பை செய்கிற அளவுக்கு முழுசாக முடித்த தோலைத்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்று ஆகிவிட்டது. எங்களுக்கு அது புது வித்தை. ஆறு மாதமாக டிரம் பாதி நாள் சும்மா நிற்கிறது. முதலாளி அமீர் பாஷா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “சத்தியநாதன், பிப்ரவரி மாசம் ஒரு ஜெர்மனிக்காரன் வர்றான். அவன் ஆர்டர் குடுத்தா தோல் ஷாப்பு ஓடும். இல்லேன்னா டிரம் ஷெட்டைப் பூட்றதைத் தவிர எனக்கு வேற வழி கெடையாது. உங்களைலாம் வீட்டுக்கு அனுப்புறதுக்கு நானே போய்ட்டா தேவலாம்னு கீது.” அவர் அழவில்லை, ஆனால் குரல் அழுதது. ஐம்பத்திரண்டு வயதில் என்னை எந்த டேனரி வேலைக்கு வைத்துக்கொள்ளும், சொல். எனக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருந்த நேரத்தில்தான் உன் டின்கள் வந்தன. 'வாட்டில்' டின் டிரம் ஷெட்டுக்குப் போனது. 'காபி' டின் எங்கள் அடுப்படிக்கு வந்தது. இனிமேல் கமாவு காதைத் தீட்டிக்கொள்ளட்டும்.

நிறம். நம் ஊர்க் காபிப்பொடி கருப்பு. கமாவு தோட்டத்துப் பொடி செம்மண் நிறம். விரலில் தொட்டால் மாவு மாதிரி அத்தனை நயம். உன் அக்காள் டின்னுக்குள் மூக்கை விட்டு, “என்னங்க, காபி வாசனையே காணோமே” என்றாள். நான், “நீ இத்தனை காலமும் முகர்ந்தது சிக்கரி வாசனை. சுத்தமான காபி அடக்கமானது. பந்தா பண்ணாது” என்றேன். என் மூக்கைப் பற்றி உன் குடும்பத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டு என்பது எனக்குத் தெரியாமலில்லை. பெண் பார்க்க வந்த அன்று உன் அம்மா பதற்றத்தில் டிகாஷனைத் தீயவிட்டு, வீடெல்லாம் புகை நெடி அடித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் டம்ளரை வாங்கி “அருமையான மணம்” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வைத்த பெயர்தான், 'மூக்கில்லாத மாப்பிள்ளை'. முப்பது வருஷம் தோல் ஸ்டோரில் உட்கார்ந்தவனுக்கு மூக்கு கொஞ்சம் ஓய்வெடுக்கத்தான் செய்யும். ஆனால் நாக்கு இருக்கிறது. அதை உன் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

டிகாஷன். பித்தளை ஃபில்டரில் மூன்று கரண்டி போட்டு, அமுக்கி, கொதிநீர் ஊற்றினேன். உடனே இறங்கியது. எத்தனை சடுதியில் என்றால், நான் மூடியைத் தேடித் திரும்புவதற்குள் கீழ்ப்பாத்திரம் நிறைந்துவிட்டது. மேல் தட்டைத் திறந்து பார்த்து அசந்துபோனேன். சக்கையே இல்லை! ஒரு துளி மண்டி இல்லை! முழுப் பொடியும் கரைந்து இறங்கிவிட்டது. மச்சான், இத்தனை வருஷம் நாம் வாங்கின காபியில் முக்கால்வாசி சக்கைதானே, அதைக் குப்பையில்தானே கொட்டினோம்? கலப்படமில்லாத காபி என்றால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கமாவுவின் நேர்மைக்கு அந்தக் காலி ஃபில்டர் ஒன்றே சாட்சி என்று அவரிடம் சொல்.

பால். இதில் ஒரு சின்னச் சிக்கல். டிகாஷனைப் பாலில் ஊற்றியதும் பால் ரோஜா நிறமாகி, திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. உன் அக்காள் பால்காரரைத் திட்டினாள். மறுநாள் வேறு பால், அதற்கும் அதே கதி. உடனே எனக்கு விளங்கிவிட்டது. இது ரோஷமுள்ள காபி. தன்மேல் பால் கலப்பதை ஏற்றுக்கொள்ளாது. பனைவெல்லம் தட்டிப் போட்டு, பாலில்லாமல், சூடாகக் குடிக்க வேண்டும். அப்படியே குடித்தேன்.

ருசி. கமாவு சொன்னதாக நீ எழுதியிருந்தாய்: முதலில் எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு வரும், அப்புறம் நாவல்பழம் மாதிரி வரும், கடைசியில் இனிப்பு நிற்கும் என்று. எலுமிச்சை வரவில்லை. நாவல் வந்தது. பழம் என்று சொல்ல மாட்டேன்; கொட்டையைக் கடித்த மாதிரி. முதல் வாய் உள்ளே போனதும் கன்னம் இரண்டும் உட்பக்கம் இழுத்துக்கொண்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்குப் பின்னால் ஏதோ சுருங்கியது. பேச வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாக்கு தானாகக் கழன்றதும் நான் சொன்ன முதல் வார்த்தை, “சரக்கு!” நம் ஊர்க் காபி வாயில் ஒரு நிமிஷம் நிற்குமா? இது மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நின்றது. சாப்பாட்டையும் தாண்டி நின்றது. அன்றைய மீன் குழம்பில் மீன் இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை.

உன் அக்காள் ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். “எப்படி?” என்றேன். “கடுக்காய்த் தண்ணி மாதிரி” என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, “என் தம்பி அவ்வளவு தூரத்துலேர்ந்து அனுப்புனது, நல்லாத்தான் இருக்கும்” என்று முடித்து, டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர், உன் பெயரைச் சொல்லி, மருந்து மாதிரி குடிக்கிறாள். உடன்பிறந்த பாசம் என்றால் அதுதான். போதகர் ஐயா வந்தபோது அவருக்கும் கொடுத்தோம். ஒரே மடக்கில் குடித்தார். ஜெபம் பண்ணச் சொன்னோம். வழக்கமாக முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறவர், “ஆமென்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டு வஹீதா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “இன்னாண்ணே இது, நாக்குமேல ஜமுக்காளம் விரிச்சாப்ல கீது!” என்றாள். ஆனால் அவள் மாமியாருக்கு ஒரு வாரமாகப் போய்க்கொண்டிருந்த வயிறு, மிச்சமிருந்த அரை டம்ளரில் கட்டிவிட்டது என்பதால் மறுநாள் அவளே சொம்போடு வந்து நின்றாள். ஆக, குணம்: வயிற்றைக் கட்டும். வேலூர் பெரிய டாக்டர்களுக்கே இந்தச் சங்கதி தெரியுமோ தெரியாதோ. கமாவுவிடம் அழுத்திச் சொல்.

டேனரிப் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெற்றியின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. நீ அனுப்பிய வாட்டில் பொடியை, ஏற்கெனவே அரைப்பதமாக இருந்த இரண்டு ஆட்டுத்தோலுக்கு மாதிரியாகப் போடச் சொல்லி தணிகைவேலிடம் கொடுத்தேன். முதல் நாளே முணுமுணுத்துக்கொண்டு வந்து நின்றான்.

“ஸ்டோர் சார், இது இன்னா வாட்டிலு? கரையவே மாட்டேங்குது. தோலெல்லாம் ஒரே சக்கையா ஒட்டிக்குது. என் லுங்கியைப் போட்டு வடிகட்டி ஊத்திக்கினு கீறேன்.”

“புது தினுசுப்பா. முதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“அது சரி சார். ஆனா காபி வாசனை அடிக்குதே? கம்மியா இல்லே, ஜாஸ்தியாவே அடிக்குது. டிரம்மு சுத்துனா ஓட்டல் வாசல்ல நிக்கிறாப்ல கீது. பசங்க வேலையை வுட்டுட்டு இங்கியே வந்து நின்னுக்கினு கீறானுங்க.”

நான் சிரித்தேன். படிப்பு இல்லாவிட்டால் இதுதான். “தணிகைவேலு, இந்த வாட்டிலும் என் வீட்டுக் காபியும் ஒரே ஊரில், ஒரே மலையில், ஒரே மண்ணில் விளைஞ்சது. மண்ணு ஒண்ணா இருந்தா வாசனையும் ஒண்ணாத்தான் இருக்கும். நம்ம ஊர்ல ஒரே வயல்ல விளைஞ்ச கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “வெண்டைக்கா வேற, கத்திரிக்கா வேற சார்” என்றான். அதற்குமேல் அவனோடு வாதாட எனக்கு நேரமில்லை. அமீர் பாஷாவே ஒருமுறை டிரம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றிருந்தார். தொழில் நொடித்துப்போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். “பாய், கவலைப்படாதீங்க” என்றேன். “கவலை இல்லீங்க, டீ டைம் ஆயிடுச்சான்னு பார்த்தேன்” என்றார். மனிதர் அவ்வளவு குழம்பிப்போயிருந்தார்.

ஜெர்மனிக்காரர் சென்ற புதன்கிழமை வந்தார். வந்தார் என்று சொல்வதைவிட இறக்கினார்கள் என்று சொல்லலாம். மெட்ராஸிலிருந்து காரில் வரும் வழியில், கூட வந்த ஏஜெண்டு எவ்வளவு தடுத்தும் கேட்காமல், கண்ணில் பட்ட கரும்புச் சாறு, வெட்டி வைத்த தர்ப்பூசணி எதையும் விடாமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆறடி மனுஷன், முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. மேஜைமேல் நாங்கள் தோல்களை அடுக்கி வைத்திருந்தோம். அவர் ஒன்றைப் புரட்டுவார், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவார். வருவார், இன்னொன்றைப் புரட்டுவார், ஓடுவார். புரட்டினவரைக்கும் சொன்னதும் சந்தோஷமான வார்த்தை இல்லை. ஏஜெண்டு மொழிபெயர்த்தார்: “இதெல்லாம் அவர் எல்லா ஊர்லயும் பார்த்துட்டாராம். உடனே மெட்ராஸ் திரும்பணுமாம்.” அமீர் பாஷா என்னைப் பார்த்தார். தணிகைவேல் என்னைப் பார்த்தான். ஷெட் வாசலில் வேலையில்லாமல் நின்றிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் ஸ்டோர் கீப்பர், என்னிடம் என்ன இருக்கிறது? என்னிடம் ஃபிளாஸ்க் இருந்தது.

கடவுள் அந்தக் காலையில் என்னை ஃபிளாஸ்க் நிறையக் கமாவு காபியோடு அனுப்பியிருந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினேன். “ஆப்பிரிக்கா. கென்யா. என் மச்சான்” என்று இங்கிலீஷில் சொன்னேன். காபி என்ற வார்த்தையைக் கேட்டதும் மனிதர் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. மடமடவென்று பாதி டம்ளரைக் குடித்தார். குடித்ததும் கன்னங்கள் உள்ளே போயின. புருவம் மேலே போயிற்று. உதடு இரண்டும் சுருக்குப்பை வாய் மாதிரி சேர்ந்துகொண்டன. ஒரு கையைத் தூக்கினார். ஆசீர்வதிக்கிறாரா அடிக்கப்போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏஜெண்டு பயந்துபோய் என்னை முறைத்தார். நான் பயப்படவில்லை. எனக்கு அந்தக் கட்டம் பழகியது. மீதி பாதியையும் குடிக்கும்படி சைகை காட்டினேன். குடித்தார். உட்கார்ந்தார். நாங்களும் காத்திருந்தோம். ஓடவில்லை! மச்சான், மனிதர் ஓடவேயில்லை! வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார், ஆச்சரியமாக ஒரு முறை சிரித்தார், தானே டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார்.

இரண்டாவது டம்ளரோடு நிதானமாக மேஜையைப் பார்த்தார். தணிகைவேல் அந்த நேரம் பார்த்து, உன் பொடியில் முடித்த இரண்டு ஆட்டுத்தோலையும் எடுத்து அவர் முன்னால் விரித்தான். பழுப்பென்றால் அப்படி ஒரு பழுப்பு. ஜெர்மனிக்காரர் அதைத் தடவினார். மடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்தார். வைத்த மூக்கை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கின மாதிரி நின்றார். ஏஜெண்டு என் காதில், “இருபது வருஷமா இவரோட சுத்துறேன், இவர் ஒரு தோலைக் கட்டிப்பிடிச்சு நான் பார்த்ததில்லை” என்றார்.

அமீர் பாஷா துணிந்து விலை சொன்னார். ரொம்பத் துணிந்து சொன்னார். ஜெர்மனிக்காரர் பேரத்தில் பெரிய புலி என்று ஏஜெண்டு ஏற்கெனவே எச்சரித்திருந்தார். புலி வாயைத் திறந்தது. வாய் திறந்ததே தவிர நாக்கு எழும்பவில்லை. 'ம்' என்றார். மறுபடியும் முயற்சி பண்ணினார். 'ம்ம்' என்றார். ஏஜெண்டு அதைச் சம்மதம் என்று மொழிபெயர்த்துவிட்டார். மனிதர் ஒருகணம் யோசித்தார், தோலைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மொத்த ஆர்டர்! டிரம் ஷெட்டுக்கு இனி ராப்பகல் வேலை. வாசலில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். தணிகைவேல் என்னைத் தூக்கிவிட்டான். இறக்கச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அமீர் பாஷா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சத்தியநாதன், என் மானத்தைக் காப்பாத்துனது உங்க ஒரு டம்ளர் காபி. நீங்க இருக்கிற வரைக்கும் இந்த ஸ்டோர் சாவி உங்க கையிலதான்” என்றார். நானும் அந்தச் சாவியை அங்கேயே எடுத்து முத்தமிட்டேன்.

ஆகவே கமாவுவிடம் சொல்: அவர் தோட்டத்துக் காபி பாலுக்கு வளையாது, சக்கை வைக்காது, வயிற்றைக் கட்டும், பேரத்தை முடிக்கும். இந்த மாதிரி ஒரு காபி எங்கள் தேசத்தில் விளையவில்லை. உன் அம்மாவிடமும் சொல். மூக்கில்லாத மாப்பிள்ளைதான் இந்த ஆம்பூரிலேயே நல்ல காபியை நாக்கால் கண்டுபிடித்தவன் என்று, எழுத்துக்கு எழுத்து, சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லி அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இனி அந்தத் தீய்ந்த டிகாஷன் கதையை நம் குடும்பத்தில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் அனுப்பப்போவது வக்கீல் நோட்டீஸ்.

நீ கைவைக்கிற வேலையெல்லாம் வாய்க்கட்டும். போகிற பாதையிலும் திரும்புகிற பாதையிலும் ஆண்டவர் முன்னால் நடக்கட்டும். குழந்தைக்கு மாமன் முத்தம். கமாவுவுக்கும் அவர் வீட்டாருக்கும், அவர் காபிச் செடிகளுக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
வெற்றிவாகை சூடிய உன் அக்காள் புருஷன்,
த. சத்தியநாதன்.

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம் எழுதுவது. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டாமல் வைத்ததும் தேவசித்தம்தான். ஆராதனை முடிந்து பொன்மலர் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் ஊர்க் காபியை உன் ஊரிலிருந்து வந்தவளுக்கே கொடுக்கிற பெருமையில் நானே டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் உறிஞ்சினாள். கன்னம் உள்ளே போனது. கஷ்டப்பட்டு நாக்கைக் கழற்றிக்கொண்டு, “அண்ணே, கஷாயம் அப்புறம் குடிக்கிறேன். காபி எங்க?” என்றாள். இதுதான் காபி என்றேன். “கமாவு வீட்டுக் காபியை நான் நாலு வருஷமா குடிக்கிறேன், இது அது இல்லீங்க” என்றாள். கப்பலில் கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் தடவினது அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

ஓடினோம். டேனரி ஸ்டோரைத் திறந்து, 'வாட்டில்' என்று எழுதின மூடியைத் தூக்கினோம். அடியில் ஒரு பிடிதான் மிச்சம். உன் அக்காள் குனிந்து முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். “என் தம்பி காபிதாங்க அனுப்பியிருக்கான்! நீங்க அதை ஆட்டுத்தோலுக்கு ஊத்திட்டு, தோலுக்கு ஊத்துறதை எனக்கு ஊத்துனீங்க! உன் தம்பி, உன் தம்பின்னு சொல்லிச் சொல்லி ஒரு டின் வாட்டிலை எனக்குக் குடிக்கக் குடுத்தீங்களே!” என்றாள். நானும் குனிந்து முகர்ந்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் மணக்கவில்லை. இதை உன் அம்மாவுக்கு எழுத வேண்டாம். மேலே அவர்களுக்கென்று நான் சொன்ன எதையுமே எழுத வேண்டாம்.

ஆனால் மச்சான், விஷயம் இதோடு முடியவில்லை. ஜெர்மனிக்காரர் நாக்கு கழன்றதும் இரண்டு கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று, வருகிற ஒவ்வொரு தோலிலும் அந்த மாதிரித் தோலின் வாசனை அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பலைத் திருப்பி அனுப்புவார். இரண்டு, அவர் சம்சாரத்துக்கும் வயிறு அடிக்கடி கெடுமாம். முதல் கப்பலிலேயே அந்தக் காபி ஒரு டின் வர வேண்டும். அமீர் பாஷாவுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் தினமும் காலையில் என் ஃபிளாஸ்க்கைத் தேடுகிறார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறாள் உன் அக்காள். சொன்னால் டிரம் நிற்கும், அத்தனை குடும்பமும் நிற்கும். அவர் முகர்ந்தது எதுவோ அதையே முகரக் கொடுக்கப்போகிறேன், குடித்தது எதுவோ அதையே குடிக்கக் கொடுக்கப்போகிறேன். இதில் எங்கே ஏமாற்று?

ஆகையால் கமாவுவிடம் மெதுவாகப் பேசு. விற்பனைக்கு உதவாத உடைசல் கொட்டை, பழுது, எது இருந்தாலும் வறுத்து அரைத்து, டின் டின்னாக அடைத்துக் கப்பலேற்றச் சொல். தோலுக்கு நாக்கு கிடையாது, அது குறை சொல்லாது. குடிப்பதற்கு வாட்டில் பொடி இரண்டு டின் போதும். எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை: காபி டின் மூடியில் 'வாட்டில்' என்றும், வாட்டில் டின் மூடியில் 'காபி' என்றும் பெரிதாக எழுது. யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்தனுப்பு, பொன்மலர் கையில் மட்டும் கொடுக்காதே. இந்த முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு மூடியை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் நாங்கள் தொலைந்தோம்.